குப்பையும் சாம்பலும் காசாகுமா? சீமெந்துச் சூளை சொல்லும் கணக்கு

வீடு கட்டிய மூத்தவர்களிடம் கேட்டால் ‘காங்கேசன் சீமெந்து’ என்ற பெயரை இன்றும் மறக்காமல் சொல்வார்கள். 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைத் தொழிற்சாலை, யுத்தத்தினால் 1990 இல் மூடப்பட்டது. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சீமெந்து செய்யும் சூளை இப்போது இந்நாட்டில் அந்தப் புத்தளத்தில் மட்டுமே இருக்கிறது. ஏனைய ஆலைகள், சுட்டெடுத்த கட்டிகளான ‘கிளிங்கரை’ இறக்குமதி செய்து அரைப்பவையே.

காங்கேசன்துறையில் மீண்டும் சீமெந்து என்ற பேச்சு, யுத்தம் முடிந்த 2009 இற்குப் பின்னர் அவ்வப்போது எழுகிறது. இன்று உலகெங்கும் சீமெந்துச் சூளைகள் நிலக்கரியோடு கழிவுகளையும் எரிக்கின்றன. எனவே இதன் இலாப நட்டத்தை நாமும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

சூளைக்குள் நடப்பது என்ன?

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுழலும் நீண்ட உருளைக்குள் விடுகிறார்கள். உள்ளே சுவாலையின் வெப்பம் ஏறத்தாழ 2000 பாகை செல்சியஸ். கல் 1450 பாகை வரை சூடேறிக் கிளிங்கராகிறது. வீட்டு முற்றத்தில் பொலித்தீனை எரித்தால் நச்சுப்புகை வரும். இந்த வெப்பத்தில் அந்த நச்சுகள் சிதைந்துவிடுகின்றன. பழைய மின்மாற்றிகளில் இருந்த பி.சி.பி. என்ற நச்சு எண்ணெயை இலங்கையின் ஒரு சீமெந்துச் சூளையில் எரித்துப் பார்த்த நிபுணர்கள், அதில் 99.9999 வீதத்துக்கும் மேல் அழிந்ததாக 2010 இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர்.

புத்தளத்தில் இந்த வேலை 2000களின் தொடக்கத்திலேயே ஆரம்பமானது. உமி, மரத்தூள், பழைய டயர், தொழிற்சாலைகளின் பிளாஸ்டிக் கழிவு ஆகியன நிலக்கரியோடு சேர்த்து எரிக்கப்பட்டன. ஜேர்மனியில் சீமெந்துச் சூளைகளின் வெப்பத்தில் 60 வீதத்துக்கும் மேல் இப்படிப்பட்ட கழிவிலிருந்தே கிடைக்கிறது. சென்னை பெருங்குடிக் குப்பைமேட்டைத் தோண்டிப் பிரித்தெடுத்த பிளாஸ்டிக், துணி போன்றவையும் சீமெந்து ஆலைகளுக்கே அனுப்பப்படுகின்றன.

மூன்று வகைச் சாம்பல்

எரித்தால் சாம்பல் வருமே, அது எங்கே போகிறது? இங்கே மூன்று வகைச் சாம்பலைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது, சூளைக்குள்ளேயே எரிந்த கழிவின் சாம்பல். அது வெளியே வருவதில்லை. கிளிங்கரோடு கலந்து விடுகிறது. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. டயருக்குள் இருக்கும் கம்பி இரும்பைத் தருகிறது. இரண்டுமே சீமெந்துக்குத் தேவையான சரக்குகள்தாம்.

இரண்டாவது, அனல் மின் நிலையத்தின் பறக்கும் சாம்பல். நுரைச்சோலையில் இது நிறையவே கிடைக்கிறது. கிளிங்கரின் ஒரு பகுதிக்குப் பதிலாக இதைச் சேர்த்து அரைக்கலாம். இந்தியத் தரநிர்ணயம் இவ்வகைச் சீமெந்தில் 15 முதல் 35 வீதம் வரை அனுமதிக்கிறது. இந்தச் சீமெந்து தொடக்கத்தில் மெதுவாகவே இறுகும். எனவே கொங்கிறீட்டுக்குக் கூடுதல் நாட்கள் தண்ணீர் விட வேண்டும். பலகை தட்டைக் கழற்ற அவசரப்படக் கூடாது.

மூன்றாவது, குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்களின் சாம்பல். 2021 இல் கெரவலப்பிட்டியில் அத்தகைய நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. இவ்வகைச் சாம்பலில், முக்கியமாகப் புகைவழியில் பிடிக்கப்படும் மென்தூளில், குளோரினும் ஈயம் போன்ற பார உலோகங்களும் இருக்கும். சுத்திகரிக்காமல் சீமெந்தில் கலந்தால் கம்பி துருப்பிடிக்கும். மண்ணும் நீரும் கெடும்.

வியாபாரிக்கான கணக்கு

நம்மவர் பலர் அரிசி ஆலை, பழைய இரும்பு, டயர், துணி வியாபாரங்களில் இருக்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: சூளைக்குத் தேவை எடையல்ல, வெப்பம். ஒரு கிலோ உமி ஏறத்தாழ 3300 கிலோ கலோரி தரும். நல்ல நிலக்கரி 6000. ஆக, ஒரு தொன் நிலக்கரியின் வேலையைச் செய்யச் சுமார் இரண்டு தொன் உமி வேண்டும். உமியோ இலேசானது. லொறி நிறைந்திருக்கும், தராசில் எடை இருக்காது. தூரம் கூடக் கூட இலாபத்தை டீசல் தின்றுவிடும்.

குப்பைக்கும் இதே கதைதான். நமது வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரமான உணவுக் கழிவு. அதை எரிக்கப் போனால், தண்ணீரை ஆவியாக்கவே வெப்பம் செலவாகும். பி.வி.சி. குழாய்த் துண்டுகள் சேர்ந்தால் குளோரின் கூடி, சூளைக்கு முன்னுள்ள பாதையை அடைக்கும். பற்றரியும் பாதரச விளக்கும் சேரவே கூடாது. பாதரசம் கிளிங்கரில் தங்காது, புகையோடு போய்விடும். பிரித்து, உலர்த்தி, துண்டாக்கிய பின்னரே குப்பை சரக்காகிறது. பிரிக்காத குப்பை வெறும் சுமை.

அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். அடுத்த வருடமே, கொழும்புக் குப்பையை அருவக்காட்டுக்கு அனுப்பும் திட்டத்தை எதிர்த்துப் புத்தளம் மக்கள் வீதியில் இறங்கினர். சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய இடம் அந்த அருவக்காடுதான். கொழும்பிலேயே பிரித்திருந்தால், எரியக்கூடியது சூளைக்கும் உக்கக்கூடியது பசளைக்கும் போயிருக்கும்.

காங்கேசன்துறைக்கு எது பொருந்தும்?

கழிவு எரிபொருள் நிலக்கரியை மிச்சப்படுத்தும், கல்லை மிச்சப்படுத்தாது. ஒரு தொன் கிளிங்கருக்குச் சுமார் ஒன்றரைத் தொன் மூலப்பொருள் வேண்டும். அதில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணத்தில் அந்தக் கல் வெறும் கல்லல்ல. குடிநீரைத் தாங்கி நிற்கும் பாறை அது. ஆழத் தோண்டினால் கிணறுகளில் உப்பு ஏறும் அபாயம் உண்டு.

சாம்பலோ கல்லையே மிச்சப்படுத்துகிறது. 30 வீதம் சாம்பல் சேர்ந்தால் அந்தளவுக்குக் கிளிங்கர் குறையும். அதற்கான கல் நிலத்திலேயே இருக்கும். ஆகவே காங்கேசன்துறையில் சூளை எழுப்புவதை விட, கிளிங்கரையும் சாம்பலையும் கடல்வழியாகக் கொண்டுவந்து அரைக்கும் ஆலையே நிலத்துக்குப் பாதுகாப்பானது. துறைமுகம் அருகிலேயே இருக்கிறது. அதிலும் தூசியைக் கட்டுப்படுத்த வேண்டும். சாம்பல் தூசி பறப்பதால் படும் தொல்லையை நுரைச்சோலை மக்களிடம் கேட்டறியலாம்.

தொழிற்சாலை வந்தால் வேலை வரும் என்பது உண்மை. ஆனால் சூளையா, அரைக்கும் ஆலையா, எரிப்பது எது, புகையை அளப்பது யார் என்பவற்றை முதலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டும். தொழிற்சாலை மூடினால் வேறு வேலை தேடலாம். கிணறு உப்பானால் வேறு ஊர்தான் தேட வேண்டும்.