விட்ட இடத்திலிருந்து மீண்டும் பறக்கலாம்



"இத்தனை வருஷம் விட்டாச்சு, இனி எப்படி?" களப்பணிக்காகத் தோட்டங்களுக்குச் செல்லும்போது பெண்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. அங்கே தையல் தைத்தவர்கள், முன்பள்ளியில் படிப்பித்தவர்கள், கடைக்கணக்கு எழுதியவர்கள் நம்மிடையே உள்ளனர். யுத்தம் அந்த வேலைகளை நிறுத்தியது. அதோடு "எனக்கு அது தெரியும்" என்ற நம்பிக்கையையும் கொண்டுபோய்விட்டது.

விட்ட தொழிலுக்குத் திரும்புவது எப்படி என்பதை அறிய, சற்றுத் தூரமான ஒரு தொழிலைப் பார்ப்போம். அது விமானம் ஓட்டும் தொழில்.

கொழுந்துக் கூடைக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஏழு கன்னியர் மலையை நம்மில் பலருக்குத் தெரியும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின் எயார் விமானம் அந்த மலையில்தான் மோதியது. அதிலிருந்த 191 பேரும் இறந்தார்கள். கட்டுநாயக்காவில் இறங்க வேண்டிய விமானம், தான் இருக்கும் இடத்தைச் சரியாகக் கணிக்காமல் தாழ இறங்கியதே காரணம். ஒரு சிறு தவறு எத்தனை உயிரைக் கேட்கும் என்பது மலைநாட்டுக்குத் தெரிந்த உண்மை. ஆகவே, வேலையை விட்டுப்போன விமானிக்கு மீண்டும் இடம்கொடுக்கும்போது இத்தொழில் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. அதேசமயம், "நீ விட்டுப்போனவள்" என்று கதவைச் சாத்திவிடுவதும் இல்லை.

எது மறந்தது, எது மறக்கவில்லை?

விமானியின் அனுமதிப்பத்திரம் கையிலிருந்தால் மட்டும் போதாது. பயணிகளை ஏற்றுவதற்கு, முந்திய 90 நாட்களுக்குள் குறைந்தது மூன்று தடவை விமானத்தை மேலெழுப்பி இறக்கியிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. வைத்தியப் பரிசோதனை பொதுவாக 12 மாதங்களுக்கு ஒருமுறை. ஓட்டும் விமான வகைக்குத் தனித் தகுதியும் வேண்டும். இவற்றில் காலாவதியானதைப் புதுப்பித்தே திரும்ப வேண்டும்.

முதலில் புத்தகத்தைத் திறந்து படிக்க வேண்டும். பிறகு சிமியுலேற்றர் எனப்படும் பாவனை விமானத்தில் பயிற்சி. எஞ்சின் ஒன்று நின்றுபோதல், தீப்பிடித்தல், மூடுபனியில் இறங்குதல் எல்லாவற்றையும் தரையில் இருந்தபடியே செய்து பார்க்கலாம். பரீட்சகர் ஒருவர் சோதிப்பார். அதன்பின் அனுபவமுள்ள கப்டன் ஒருவர் பக்கத்தில் இருக்க, உண்மையான பயணங்களில் சில காலம் பறக்க வேண்டும். பழைய பறப்பு மணித்தியாலங்கள் யாவும் குறிப்பேட்டில் பதிந்திருக்கும். இடைவெளி அவற்றை அழிப்பதில்லை.

பலாலிக்கும் சென்னைக்கும் இடையிலான விமானசேவையே இதற்கு நல்ல உதாரணம். 2019 நவம்பரில் அலையன்ஸ் எயார் நிறுவனம் சுமார் 70 பேர் செல்லக்கூடிய ஏ.ரி.ஆர் 72 விமானத்தைக் கொண்டு அதைத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை, 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமானது. அக்காலத்தில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான விமானிகள் வீட்டிலிருந்தார்கள். திரும்பியவர்கள் மேற்சொன்ன வழியாலேயே திரும்பினார்கள்.

இரு பெண்கள்

சர்லா தாக்ரால் 1936இல், தமது 21ஆவது வயதில், சேலை உடுத்தபடி லாகூரில் தனியே விமானம் ஓட்டியவர். அப்போது அவருக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருந்தாள். விமானியான கணவர் 1939இல் விபத்தில் இறந்தார். வர்த்தக விமானி ஆவதற்கு சர்லா பயிற்சிக்குப் போனார். இரண்டாம் உலக யுத்தம் மூண்டு அப்பயிற்சி நின்றது. 1947இல் நாடு பிரிந்தபோது இரு பெண்பிள்ளைகளுடன் டில்லிக்கு இடம்பெயர்ந்தார். ஓவியம், துணி வடிவமைப்பு, நகை செய்தல் என்று புதுத் தொழில் செய்து வாழ்ந்து 2008இல் காலமானார். விமானி ஆசனம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அது அவருடைய குறையல்ல. திரும்புவதற்கு வழி இருக்கவில்லை.

இன்னொருவர் பிரித்தானியாவின் இவொன் போப் சின்டெஸ். பறப்புப் பயிற்சி அளித்து வந்த இவரும் கணவரை இழந்தார். இரண்டு ஆண்பிள்ளைகள். கட்விக் விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராக வேலை பார்த்தார். 1965இல் மோர்ட்டன் என்ற சிறிய நிறுவனத்தில் விமானியானார். 1969இல் டான் எயார் நிறுவனத்தில் சேர்ந்து, 1972இல் கப்டனாகவும் 1975இல் ஜெட் விமானக் கப்டனாகவும் உயர்ந்தார். தரையில் இருந்த நாட்களிலும் அவர் தொழிலுக்குப் பக்கத்திலேயே இருந்தார் என்பதைக் கவனியுங்கள்.

இருவரும் விதவைகள், இருவரும் தாய்மார், இருவரும் திறமைசாலிகள். ஒருவருக்கு வழி அடைபட்டது, மற்றவருக்குத் திறந்தது. வித்தியாசம் அதுதான்.

நமக்குள்ள வழி

நம் நாட்டிலும் ஒரு வழி உண்டு. என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைப் பெற எல்லோரும் முழுப் பயிற்சிநெறியைப் படிக்கத் தேவையில்லை. முன் அனுபவம் உள்ளவர் தமது திறமையைச் செய்துகாட்டி மதிப்பீட்டுக்கு உட்படலாம். தையல், சமையல், அழகுக்கலை போன்ற தொழில்களுக்கு இது பொருந்தும். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையில் விபரம் கேளுங்கள்.

பத்திரங்கள் யுத்தத்தில் தொலைந்ததா? பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், க.பொ.த. பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம்.

விமானியைப் போல ஒரு குறிப்பேடும் வையுங்கள். எங்கே, எந்த வருஷம், என்ன வேலை, எவ்வளவு காலம் செய்தீர்கள் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். எழுதி முடிக்கையில் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

நமது மாதர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். திரும்பி வந்த பெண்ணிடம் "பாவம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பழக ஒரு மெஷின், பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பிள்ளைக்காம்பிராவில் ஓரிடம், பழகுவதற்குச் சில வாரங்கள். இவற்றைக் கொடுங்கள். பிறகு வேலையைக் காட்டச் சொல்லுங்கள்.

இடையில் நின்றது வேலை மட்டுமே. கற்றது கையில்தான் இருக்கிறது.