118 ரூபாய் ஆப்... உருவாக்கியவர் கைக்கு வருவது எவ்வளவு? ப்ளே ஸ்டோர் கமிஷன் கணக்கு இதுதான்!

குலசேகரத்தில் ஒரு இளைஞர் ஆப் ஒன்றை உருவாக்கி, 118 ரூபாய்க்கு கூகுள் ப்ளே ஸ்டோரில் போடுகிறார்னு வைத்துக்கொள்வோம். நாம் அதை வாங்கினால் அவருக்கு எவ்வளவு கிடைக்கும்?

கமிஷன் எவ்வளவு?

18 ரூபாய் ஜிஎஸ்டி. மீதி 100 ரூபாயில் கூகுளுக்கும் பங்கு உண்டு. 2022 நிலவரக் கட்டணப்படி, ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலர் வரை 15%, அதற்கு மேல் 30%. சந்தா என்றால் 15%. ஆக, கைக்கு வருவது 85 அல்லது 70 ரூபாய்.

விலை எப்படி முடிவாகிறது?

ரப்பர் என்றால் ஒவ்வொரு கிலோவுக்கும் பால் வெட்டும் கூலி உண்டு. ஆப் அப்படி இல்லை. உருவாக்கத்தான் செலவு, பிறகு ஆயிரம் பேர் டவுன்லோடு செய்தாலும் கூடுதல் செலவு ரொம்பக் குறைவு. அதனால் 'மக்கள் எவ்வளவு கொடுப்பாங்க' என்று பார்த்தே விலை வைக்கிறார்கள். ஆனால் பாட்டுக்கு ராயல்டி, ஊழியர் சம்பளம் என செலவு தொடரும் ஆப்களில், கமிஷன் சுமை நம்ம தலையில் விழ வாய்ப்பு அதிகம்.

சென்னை நிறுவனம் Vs கூகுள்

தன் பில்லிங் முறையைக் கட்டாயமாக்கியதற்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதை 216.69 கோடியாகக் குறைத்தது.

இடையில், வேறு பில்லிங்கையும் கூகுள் அனுமதித்தது. ஆனால் கமிஷனில் 4% மட்டுமே தள்ளுபடி. அதாவது 11% அல்லது 26%. இதை எதிர்த்து சென்னையின் மேட்ரிமோனி டாட் காம் உள்ளிட்ட நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. கட்டணம் செலுத்தவில்லை என்று 2024 மார்ச் 1-ம் தேதி, பாரத் மேட்ரிமோனி உட்பட 10 நிறுவனங்களின் ஆப்களை கூகுள் நீக்கத் தொடங்கியது. மத்திய அரசு தலையிட்ட பிறகு, சில நாட்களில் அவை திரும்பி வந்தன.

நமக்கு என்ன?

2023-ல் ட்விட்டர் ப்ளூ டிக் சந்தா இந்தியாவில் அறிமுகமானபோது மொபைல் ஆப்பில் மாதம் 900 ரூபாய். வெப்சைட்டில் 650 ரூபாய்தான். சேவை ஒன்றுதான், வாங்கும் வழி மட்டுமே வேறு. எனவே சந்தா கட்டும் முன் அந்த நிறுவனத்தின் வெப்சைட்டிலும் விலையைப் பாருங்க. இன்னொன்று, ஆப்பை நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் கட்டியிருந்தால், அங்கே 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய் ரத்து செய்தால்தான் பணம் பிடிப்பது நிற்கும்.