ஒளிச் சீப்பும் சுதேசியமும்

செய்தியைச் சுமக்கும் கம்பி எவன் கையில் உள்ளதோ, அவன் கையிலேயே அதிகாரமும் உள்ளது. 1914-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் யுத்தம் மூண்டவுடன் பிரிட்டிஷார் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, ஜெர்மனியின் கடலடித் தந்திக் கம்பிகளை அறுத்ததேயாகும். அன்று செப்புக் கம்பி; இன்று கண்ணாடி இழை. பொருள் மாறிற்று, உண்மை மாறவில்லை.

இழையில் செய்தியைச் சுமப்பது ஒளி. ஒரே இழையில் பல வர்ண ஒளிகளைச் செலுத்தினால் ஒவ்வொன்றும் தனிச் செய்தியைத் தாங்கிச் செல்லும். (அவ்வொளி கண்ணுக்குப் புலனாகாதது, வர்ணம் என்பது உபசார வழக்கே.) வர்ணம் ஒன்றுக்கு ஒரு லேசர் வைப்பது வழக்கம். தனித்தனி லேசர்கள் தத்தம் அதிர்வெண்ணினின்று சிறிது விலகுவதால், அவை மோதாதிருக்க இடையே வெற்றிடம் விடவேண்டும். பாதையில் ஒரு பகுதி வீணாகிறது.

இக்குறையைப் போக்க வந்ததே ஒளிச் சீப்பு. ஸிலிக்கன் நைட்ரைடு போன்ற பொருளாலான நுண்ணிய வளையத்தினுள் ஒரே லேசரின் ஒளியைச் செலுத்துகின்றனர். அது சுற்றிச் சுற்றி வலுப்பெறுகிறது. வலுத்த ஒளி, தான் செல்லும் பொருளின் குணத்தையே சற்று மாற்ற, இருபுறமும் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. அவை மேலும் பலவற்றைப் பிறப்பிக்கின்றன. முடிவில், சீப்பின் பற்களைப் போலச் சம இடைவெளியுடன் பற்பல வர்ணங்கள் நிற்கின்றன. ஒரு தாய் மக்களாதலின் அவை தம்முள் பிறழ்வதில்லை.

2020-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், மெல்போர்ன் நகரில் 76.6 கிலோமீட்டர் இழையில், இத்தகைய சீப்பொன்றால் விநாடிக்கு 44.2 லட்சம் கோடிக் குறிகளை அனுப்பினர். 2022-ல் டென்மார்க், ஸ்வீடன் நாட்டினர், 37 உள்வழிகளுள்ள ஒரே இழையில் 223 வர்ணங்களால், 7.9 கிலோமீட்டர் தூரம், விநாடிக்கு 1,840 லட்சம் கோடிக் குறிகளைச் செலுத்தினர். ஒளி மூலம் ஒன்றே!

இவை சோதனைகளே. ஒவ்வொரு பல்லின் ஒளியும் மெலிது, அதனைப் பெருக்கவேண்டும். வேலை இன்னும் முடிந்தபாடில்லை. ஆதலின் நமக்குக் கதவும் அடைபடவில்லை.

நமக்கு இத்துறை புதிதன்று. 1928-ல் கல்கத்தாவில் சர். சி. வி. ராமன் கண்ட உண்மையே இன்று இழையில் மெலியும் ஒளியைப் பெருக்கவும் உதவுகிறது. பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, 1954-ல் லண்டனில், ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, இழைக் கற்றை வழியே உருவங்களைச் செலுத்தலாமெனக் காட்டினார். அறிவு நம்மவரிடம் இருந்தது. அதனைப் பொருளாக்கும் பட்டறைகளோ பெரும்பாலும் பிறர் நாட்டில் எழுந்தன.

நூல் நூற்பதைச் சுதேசியமென்று கற்றோம். ஒளியை நூற்பதும் சுதேசியமே. இராட்டையைப் பிறரிடம் இரவல் கேட்பவன் சுதந்திரன் ஆவானோ?