தேர் சுற்றும் ஊர்

திருப்பதிக்குச் செல்வோரில் பலர் இரயிலை விட்டு இறங்கியதும் மலைக்குப் பேருந்து ஏறிவிடுகின்றனர். அடிவாரத்து ஊரை நின்று பார்ப்பவர் சிலரே. அது தானாக வளர்ந்த ஊர் அன்று. திட்டமிட்டு வகுக்கப்பட்ட ஊர்.

கபில தீர்த்தத்தை ஒட்டி முன்னர் ஒரு சிற்றூர் இருந்ததாகக் கூறுவர். தில்லையிலிருந்து அகற்றப்பட்ட கோவிந்தராசப் பெருமாளை யாதவராய மன்னரின் துணையுடன் இராமானுசர் இங்கு எழுந்தருளச் செய்தார். அது நிகழ்ந்தது 1130-ஆம் ஆண்டில் என்பது மரபு. கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதிகள் அமைந்தன. கைங்கரியம் செய்வோர் அவற்றில் குடியேறினர். இராமானுசபுரம் என்னும் பெயரும் வழங்கிற்று. திருவரங்கத்தில் கோயில் நிருவாகத்தைச் சீர்செய்தவர் அவர்; அவ்வூரின் வீதியமைப்பு அவர் மனத்தில் இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

ஏறத்தாழ 650 ஆண்டுகள் கழித்து, 1788-இல், ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில் பிரித்தானிய மீன்வளச் சங்கம் உல்லாபூல் என்னும் ஊரை நேர்கோட்டுத் தெருக்களுடன் நிறுவியது. அங்கே ஹெர்ரிங் மீன் பிழைப்புக்கு வழி செய்தது. இங்கே விழாவும் வழிபாடும் அதைச் செய்தன. குடியேறுவோர்க்குத் தொழிலும் மனையும் ஒருசேரக் கிடைத்தால்தான் ஊர் நிலைக்கும் என்ற கணக்கு இரண்டுக்கும் பொதுவானது.

வீட்டுக் கடனுக்காக மனைப்பிரிவு வரைபடங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு மாட வீதிகள் ஒரு வியப்பு. வரைபடத்தில் முப்பது அடிச் சாலை என்றிருக்கும். நேரில் சென்றால் ஒருவர் படிக்கட்டும் மற்றவர் சாய்ப்பும் அதில் பாதியை விழுங்கியிருக்கும். பத்திரம் செம்மையாக இருந்தும் தீயணைப்பு வண்டி நுழைய வழியிராது. மாட வீதிகளிலும் கடைகள் நெருக்குகின்றன. பூக்கூடைகள் முன்னே வருகின்றன. ஆயினும் ஆண்டுதோறும் பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாளில் தேர் வரவேண்டும். அந்த அகலத்தை யாரும் நிலையாக அடைத்துவிட முடிவதில்லை. நில அளவையர் சங்கிலியைவிடத் தேர்வடம் கண்டிப்பானது போலும்!

ஊர் 1886-இல் நகராட்சியாயிற்று, 2007-இல் மாநகராட்சி. எல்லை பெருகினும் நடுச்சதுரம் மாறவில்லை. அடுத்த முறை செல்லும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மட்ல அனந்தராசர் எழுப்பிய ஏழுநிலைக் கோபுரத்தின் அருகிலிருந்து புறப்பட்டு, கோயிலை வலமாக வைத்து நான்கு வீதிகளையும் நடந்து பாருங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் சென்றால் கடைகள் திறந்திரா. வீதியின் முழு அகலமும் கண்ணுக்குத் தெரியும்.