குழந்தை அளவுக்கு மீறித் திடுக்கிடுகிறதா?

கதவு அறையும் ஓசை கேட்டால் எந்தக் குழந்தையும் திடுக்கிடும். உடனே இயல்புக்குத் திரும்பிவிடும். மிக அரிதாகச் சில குழந்தைகள் சிறு ஓசைக்கும் தொடுதலுக்கும்கூட உடல் முழுவதும் விறைத்துப்போகின்றன. இந்நோய்க்கு ‘ஹைப்பரெக்பிளெக்சியா’ என்று பெயர்.

நரம்புகளின் வேகத்தைத் தணிப்பது கிளைசின் என்னும் வேதிப்பொருள். மரபணுக் குறையால் அதன் செயல் தடைப்படுவதே பெரும்பாலும் இந்நோய்க்குக் காரணம். கருவுற்றிருந்தபோது தாய் அஞ்சியதால் இது வருவதில்லை.

மூக்கு நுனியை மெல்லத் தட்டினால் இக்குழந்தைகளின் தலை பின்னோக்கி வெட்டி இழுக்கும். தட்டும்போதெல்லாம் அவ்வாறே நிகழும். இதைக் கொண்டு நோயை ஐயுறுகிறோம். வலிப்பு என்று தவறாகக் கருதப்படுவதும் உண்டு. ஆனால் இதில் நினைவு தவறுவதில்லை.

விறைப்பு நீடித்தால் மூச்சு நின்றுபோகலாம். அந்நேரத்தில் குழந்தையின் தலையையும் கால்களையும் வயிற்றை நோக்கி மடக்கிப் பிடித்தால் விறைப்பு தளரும். வீட்டிலுள்ள அனைவரும் இம்முறையை எங்களிடம் நேரில் பழகிக்கொள்ள வேண்டுகிறோம். மூச்சு திரும்பாவிடில் தாமதமின்றி 108-ஐ அழையுங்கள்.

குளோனசெபாம் மருந்து பலருக்கு நற்பயன் தருகிறது. அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வளர வளர விறைப்பு பெரும்பாலும் குறையும். திடுக்கிடல் நீடிக்கலாம், நடக்கும்போது கையூன்றாமல் விழ நேரும். ஆகவே பள்ளி ஆசிரியருக்கும் சொல்லிவையுங்கள்.