சக்கரங்களின் மேல் ஒரு வீடு

மத்தியதரைக் கடலில் அமைந்த தீவுகளுள் சிசிலிக்கு அடுத்துப் பெரியது சார்தீனியா. இத்தாலி நாட்டைச் சேர்ந்த இத்தீவு ஏறத்தாழ 24,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மலைகள் நிறைந்த இதன் உட்பகுதிகளில் இருப்புப்பாதை வசதி குறைவு. எனவே, பயணிகள் பலர் கேம்பர்வேன் என்னும் வீட்டு ஊர்தியில் தீவைச் சுற்றி வருகின்றனர். ரோம் நகருக்கு அருகிலுள்ள சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஊர்தியோடு கப்பலில் ஏறினால், தீவின் ஒல்பியா துறைமுகத்தில் இறங்கலாம்.

வெளித்தோற்றத்தில் சிற்றுந்து போன்ற இவ்வூர்தியின் உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை ஆகியவை உண்டு. நன்னீருக்கு ஒரு தொட்டி, கழுவிய நீருக்கு மற்றொரு தொட்டி, கழிப்பறைக் கழிவுக்குத் தனிக்கலம் என மூன்றும் தனித்தனியே இருக்கும். தொட்டியில் உள்ள நீர் குறைவே. குழாயைத் திறந்து வைத்தபடி பல் துலக்கினால், மாலைச் சமையலுக்கு நீர் இராது. கழிவுகளை அதற்கென அமைந்த நிலையங்களில் மட்டுமே கொட்ட வேண்டும்.

ஊர்தியை நிறுத்துவதற்கும் முறை உண்டு. சக்கரங்கள் மட்டும் தரையில் பதிந்து, கழிவுநீர் ஒழுகாமல், தன் அளவுக்கு மேல் இடத்தை அடைக்காமல் நின்றால், இத்தாலியச் சாலைச் சட்டம் அதனை 'நிறுத்துதல்' என்று கொள்கிறது. வெளியே பந்தல் விரித்து நாற்காலி இட்டால், அது 'முகாமிடுதல்' ஆகிவிடும். அதற்கு உரிய முகாம் திடலுக்குச் செல்ல வேண்டும்.

ஒல்பியாவிலிருந்து கிழக்கு மலைச்சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், தலைநகர் கலியாரியை அடையலாம். அந்நகரையொட்டிய உப்பங்கழியில் பூநாரைகள் கூடு கட்டி வாழ்கின்றன. வடக்கே பாருமினி என்னும் ஊரில், சாந்து பூசாமல் பெருங்கற்களை அடுக்கி எழுப்பிய வெண்கலக் காலக் கோபுரம் நிற்கிறது. 'நுராகே' எனப்படும் இத்தகைய கோபுரங்கள் தீவில் ஏறத்தாழ 7,000 உள்ளன. பாருமினி 1997 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

மேற்குக் கரையிலுள்ள அல்கேரோ நகரில் 1354 ஆம் ஆண்டுக்குப் பின் கத்தலான் மக்கள் குடியேற்றப்பட்டனர். அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், அவர்களுடைய வழித்தோன்றல்களுள் ஒரு பகுதியினர் கத்தலான் மொழியைப் பேசி வருகின்றனர். பேசுவோர் தொகை குறைந்து வருவதால், தெருப்பெயர்ப் பலகைகளில் இத்தாலியத்தோடு அம்மொழியையும் எழுதி வைத்துள்ளனர்.

வடமேற்கு முனையில் லா பெலோசா கடற்கரை உள்ளது. கோடையில் நாளொன்றுக்கு 1,500 பேருக்கே அங்கு அனுமதி. துண்டை மணலில் நேரே விரித்தல் கூடாது. அடியில் பாய் இட வேண்டும். ஈரத்துண்டில் மணல் ஒட்டிச் செல்லும் என்பதே காரணம். தீவின் மணலை எடுத்துச் செல்வோருக்கு 500 முதல் 3,000 யூரோ வரை தண்டம் விதிக்கப்படும். 2019 ஆம் ஆண்டு சுற்றுலாப் பயணிகள் இருவரின் ஊர்தியில் 40 கிலோ மணல் கைப்பற்றப்பட்டது. ஒரு கைப்பிடி மணலால் கரை குறைந்துவிடுமா எனத் தோன்றலாம். ஆனால், ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடி அள்ளினால் கரையே தேய்ந்துவிடும். வீட்டை உடன்கொண்டு செல்லும் பயணி, பிறர் வாழும் இடத்தை வந்தபோது கண்டவாறே விட்டுச் செல்லுதல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. 'நிறுத்துதல்', 'முகாமிடுதல்' இவற்றிடையே உள்ள வேறுபாடு யாது?
2. துண்டின் அடியில் பாய் இடச் சொல்வது ஏன்?
3. வேற்றூரில் வாழினும் உம் குடும்பத்தார் விடாது காத்துவரும் வழக்கம் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.