ஊமை எழுத்துக்கள்

பழங்காநத்தத்தில் நம் வீட்டுத் திண்ணைக்கு அன்று மாலை ஒரு வழக்கு வந்தது. வாதி, அடுத்த வீட்டுப் பத்து வயதுப் பெண். பிரதிவாதி, இங்கிலீஷ் பாஷை. பள்ளிக்கூடத்தில் 'நைட்' என்று சொல்லி எழுதச் சொன்னார்களாம். குதிரை மீதேறிப் போர் செய்த அக்காலத்து வீரனைக் குறிக்கும் சொல் அது. குழந்தையோ இரவைக் குறிக்கும் 'நைட்'டை எழுதிவிட்டாள். மார்க்கு போயிற்று.

"முதலில் 'கே' எழுத்து வரவேண்டுமாம், ஸார். என் காதில் 'கே' விழவே இல்லையே!" என்றாள்.

"இவளுக்கு இங்கிலீஷ் வராது, ஸார்!" என்று தீர்ப்பே கூறிவிட்டார் தகப்பனார்.

நாம் குழந்தையின் கட்சியை எடுத்துக் கொண்டோம். அவள் காதில் பழுதில்லை. ஒரு காலத்தில் இங்கிலீஷ்காரர்கள் அந்தக் 'கே'யை வாய்விட்டே உச்சரித்தார்கள். 1476-ம் ஆண்டில் வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை அமைத்தார். அச்சேறிய எழுத்து மெள்ள மெள்ள உறைந்து போயிற்று; நாக்கோ மாறிக்கொண்டே சென்றது. 17-ம் நூற்றாண்டில் 'கே' ஊமையாயிற்று. எழுத்து வேறு, ஒலி ஒன்று என்னும்படியான இரட்டையர் பலர் இவ்விதம் பிறந்தவர்களே.

இவர்களைக் காதால் பிரிக்க முடியாது. பொருளாலும் உறவாலுமே பிரிக்க வேண்டும். 'ஹியர்' என்றால் கேட்டல். 'ஹியர்' என்றால் 'இங்கே' என்றும் பொருள். கேட்டலைக் குறிக்கும் சொல்லின் எழுத்துக்களுக்குள் காதைக் குறிக்கும் 'இயர்' ஒளிந்திருக்கிறது. 'இங்கே' என்னும் சொல்லின் எழுத்துக்களோ, அங்கே என்று பொருள்படும் 'தேர்', எங்கே என்று பொருள்படும் 'வேர்' இரண்டிலும் அப்படியே அடங்கியிருக்கின்றன. இங்கே, அங்கே, எங்கே என்று தமிழிலும் இவை ஒரே குடும்பம் அல்லவா? குழந்தையின் முகம் மலர்ந்தது.

"தமிழில் இந்தத் தொல்லை ஏது, ஸார்? நம் பளங்காநத்தத்திலே..." என்று ஆரம்பித்தார் தகப்பனார்.

"பளங்காநத்தம் இல்லை, அப்பா, பழங்காநத்தம்!" என்றாள் மகள்.

நமக்கும் சுருக்கென்றது. மதுரைப் பக்கத்தில் நம்மில் பலருடைய பேச்சிலே வாழை மரமும் வாளை மீனும் ஒன்றாகிவிட்டன. நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடினால் 'ழ' பிறக்கும் என்று தொல்காப்பியர் வழி சொல்லி வைத்திருக்கிறார். நாம் அதைக் கைவிட்டால், "என் காதில் விழவில்லையே!" என்று நாளை நம் பேரக் குழந்தைகள் 'ழ'வைப் பற்றியும் முறையிடுவார்கள்.

அன்றிரவு அடுத்த வீட்டிலிருந்து, "பழம், பழம்" என்று பாடம் சொல்லும் குரல் கேட்டது. குரல் தகப்பனாருடையது.